640 பேர் இறக்கினார்கள், அதில் கடைக்காரர் எத்தனை பேர்?

கேள்வி: எனக்குச் சேரன்மகாதேவி. சென்னையில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே ஆண்ட்ராய்டு வேலை செய்கிறேன். சித்தப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சேர், டேபிள், சாமியானா, அண்டா, சீரியல் செட் எல்லாம் யாருக்குப் போனது, எது திரும்பவில்லை என்று நோட்டை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்த்து அதற்கென்று ஓர் ஆப் செய்தேன். தை மாதம் பிளே ஸ்டோரில் விட்டேன். ரீல்ஸ் போட்டேன், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 12,000 ரூபாய் செலவழித்தேன். 640 பேர் இறக்கினார்கள். இப்போது தினமும் திறப்பவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் சித்தப்பாவும் ஒருவர். காசு கொடுத்தால் 300 ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? விளம்பரத்துக்கு இன்னும் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? ஐபோனுக்கும் செய்தால் ஆள் கூடுமா? எனக்குப் புரோகிராம் எழுத வரும், விற்க வராது.

பதில்: ரிவ்யூ வாங்க வேண்டாம். விளம்பரத்தை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஐபோன் இப்போதைக்கு வேண்டாம். கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்லியாயிற்று, காரணம் பின்னால் வருகிறது. கேட்காத ஒன்றைத்தான் முதலில் பேச வேண்டும். அந்த 640 பேர் யார்?

ஆப் செய்தவர்களுக்கென்று கூகுள் தரும் பிளே கன்சோல் பக்கத்தைத் திறந்து, இன்ஸ்டால் கணக்கையும் அன்இன்ஸ்டால் கணக்கையும் தேதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரம் ஓடிய வாரத்தில் முதல் கோடு ஏறியிருக்கும், சில நாளில் இரண்டாவது கோடும் அதன் பின்னாலேயே ஏறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். ரீல்ஸைப் பார்த்து இறக்கியவர்களில் பாதிப் பேர் உங்களோடு படித்தவர்களாக இருப்பார்கள். நல்ல மனசோடுதான் இறக்கியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் வாடகைக்கு விட ஒரு சேர்கூடக் கிடையாது. உங்கள் ஆப் அவர்களுக்கு எதற்கு?

விளம்பரத்தின் குணமும் இதே போலத்தான். இன்ஸ்டால் வேண்டும் என்று காசு கட்டினால் இன்ஸ்டால் கிடைக்கும். எதைக் கண்டாலும் இறக்கிப் பார்க்கிறவர்களை அந்த இயந்திரம் தேடிப் பிடித்துவிடும். கூகுளின் ஆப் விளம்பரத்திலும், எந்தத் தேடலுக்கு எங்கே காட்டுவது என்பதை நாம் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியாது. வாசகம், படம், பட்ஜெட், இலக்கு ஆகியவற்றைக் கொடுத்தால் மீதியை அதுவே முடிவு செய்யும். 'முதல் ஆர்டரைப் பதிவு செய்தவர்' போன்ற ஒரு நிகழ்வை இலக்காக வைக்கலாம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் போதுமான எண்ணிக்கையில் வந்தால்தானே அது கற்றுக்கொள்ளும்? உங்களிடம் இப்போது ஏழெட்டுப் பேர். ஆக, ஒதுக்க வேண்டிய தொகை பூஜ்யம். அந்தக் காசைப் பஸ்ஸுக்கும் டீக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் என்று சும்மா சொல்லவில்லை. பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், முக்கூடல் எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர்கள். ஒவ்வொன்றிலும் வாடகைக் கடை இருக்கிறது. வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இன்ஸ்டாகிராமில் ஏன் தேட வேண்டும்? மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு, தென்காசிப் பக்கம் உட்கார்ந்துகொண்டே உலகத்துக்கு விற்கலாம் என்ற தைரியம் நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம். உங்கள் சரக்கு மட்டும் முதலில் உலகத்துக்கு அல்ல, கல்லிடைக்குறிச்சிக்கு.

நீங்கள் வெளியிட்ட மாதத்தையும் பாருங்கள். தை! மார்கழி முழுக்கச் சும்மா இருந்த வாடகைக் கடைக்காரர் தை பிறந்ததும் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக ஓடிக்கொண்டிருப்பார். அப்போது போய் ஃபோனை நீட்டினால், "லாரி நிக்கி தாயி, பொறவு வா" என்பார். ஆடியில் கல்யாணம் இல்லையே, ஓய்வாக இருப்பார் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் ஆடியிலும் கொடை என்கிற கோயில் திருவிழா உண்டு. பந்தலும் மைக் செட்டும் சீரியல் செட்டும் அப்போதும் வெளியில்தான் இருக்கும். எந்த ஊரில் எப்போது கொடை என்று சித்தப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவரோடு உட்கார்ந்து காலண்டரில் வேலை இல்லாத வாரங்களை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மார்க்கெட்டிங் திட்டம் அந்த வட்டங்கள்தான். முகூர்த்தம் முடிந்த மறுநாள் சாயங்காலமும் நல்ல நேரம். திரும்பி வந்த சாமானை எண்ணி, இரண்டு குத்துப்போணி குறைகிறது என்று எரிச்சலில் இருப்பார். உங்கள் ஆப் எதற்கு என்று அந்த நேரத்தில் விளக்கவே வேண்டியதில்லை.

போனதும் ஆப்பைக் காட்டாதீர்கள். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எப்படி எழுதுகிறார், எதைச் சுருக்குகிறார், திரும்பி வந்ததை எப்படி அடிக்கிறார் என்று பாருங்கள். அப்புறம், ஃபோன் யார் கையில் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அண்ணாச்சியிடம் இருக்காது. கடைப் பையனோ, கல்லூரியில் படிக்கும் மகளோதான் தட்டுவார்கள். காசு கொடுக்கிறவர் ஒருவர், தினமும் தொடுகிறவர் வேறொருவர். அண்ணாச்சிக்குக் காணாமல் போகும் சாமான் கவலை. பையனுக்கு, ஓர் ஆர்டரைப் பதிய எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது கவலை. இருவரிடமும் ஒரே பேச்சைப் பேசினால் இருவருமே தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

பெரிய தடை முதல் நாளில் இருக்கிறது. எல்லாச் சாமானையும் ஒரு தடவை ஏற்ற வேண்டுமே! சேர் இத்தனை, டேபிள் இத்தனை, அண்டாவில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று பட்டியல் போட யாருக்கும் பொறுமை இருக்காது. முதல் பத்துக் கடைகளுக்கு நீங்களே உட்கார்ந்து ஏற்றிக் கொடுங்கள். பத்துக் கடை முடியும்போது நம் பக்கத்து வாடகைக் கடையின் பொதுவான சாமான் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். பதினோராவது கடைக்காரர் ஆப்பைத் திறந்ததும் அந்தப் பட்டியல் தயாராக நிற்க வேண்டும், அவர் எண்ணிக்கையை மட்டும் போட்டால் போதும். இதை மார்க்கெட்டிங் என்று பாடத்தில் எழுத மாட்டார்கள். என் கணக்கில் இதுதான் முக்கால்வாசி.

இனி, ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு எப்படிப் பரவும் என்று யோசியுங்கள். இந்தத் தொழிலில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரே நாளில் மூன்று கல்யாணம் வந்து சேர் பற்றாக்குறை என்றால், பக்கத்து ஊர்க் கடையிலிருந்து வாங்கி ஓட்டுவார்கள். கடைக்குக் கடை போகும் அந்தக் கணக்கையும் ஆப்பில் சேருங்கள். பதிந்ததும் ஒரு சிட்டை படமாக வாட்ஸ்அப்பில் போகட்டும். மேலே கடையின் பெயர் பெரிதாக, நடுவில் சாமான் விவரம், அடியில் சின்ன எழுத்தில் உங்கள் ஆப்பின் பெயரும் இணைப்பும். அதை வாங்கிப் பார்க்கிறவரும் ஒரு வாடகைக் கடைக்காரர். இத்தனை சரியான ஆளிடம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விளம்பரம் எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. கடையின் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் அதை அனுப்புவதே தன் கடைக்குக் கௌரவம் என்பதால்தான்.

இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் சமையல் மாஸ்டர். இத்தனை இலைக்கு இத்தனை அண்டா, இத்தனை சருவம் என்று சிட்டை போடுகிறவர் அவர்தான். பல கடைகளோடு பழக்கம் இருக்கும், எந்தக் கடையில் கணக்கு ஒழுங்கு என்று சொல்லவும் அவருக்குத் தெரியும். இன்னொருவர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். வாடகைக்கு விடும் ஒவ்வொரு பாத்திரத்திலும் கடைப் பெயர் வெட்டியாக வேண்டும். புதிதாகக் கடை போடுகிறவரும், சாமான் சேர்க்கிறவரும் அவரிடம் வராமல் போக முடியாது. ஒரு சின்ன அட்டை அடித்து அவரிடம் கொடுத்து வையுங்கள். யார் மூலம் வந்தாலும் அவருக்கு ஏதாவது செய்வதில் தவறில்லை. ஆனால் கடைக்காரர் ஆப்பை இறக்குவதற்கோ நட்சத்திரம் போடுவதற்கோ பரிசு கொடுக்காதீர்கள், அது பிளே ஸ்டோர் விதிக்கு ஆகாது.

அந்த அட்டையில் ஒரு கியூஆர் கோடு வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே கோடு வேண்டாம். பிளே ஸ்டோர் இணைப்பின் முடிவில் ரெஃபரர் குறிப்பு ஒன்றைச் சேர்க்கலாம். பேர் வெட்டுகிறவரின் அட்டைக்கு ஒன்று, சமையல் மாஸ்டருக்கு ஒன்று, வாட்ஸ்அப் சிட்டைக்கு ஒன்று என்று வேறு வேறு குறிப்பு வைத்தால், யார் எந்த வழியாக வந்தார் என்று கன்சோலில் பிரித்துப் பார்க்கலாம். ஆப்புக்குள்ளும் இன்ஸ்டால் ரெஃபரர் என்ற கூகுளின் நிரல் தொகுப்பு வழியாக அதே குறிப்பைப் படித்து, அந்த வழியில் வந்தவர் இரண்டாவது ஆர்டரைப் பதிந்தாரா என்று பார்க்க முடியும். உங்களுக்குப் புரோகிராம் எழுத வரும் என்றீர்களே, விற்பனையில் அது கைகொடுக்கும் இடம் இது. டவுன்லோட் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். முதல் முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தியவர் அடுத்ததற்கும் பயன்படுத்தினாரா என்பதே நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு. இன்னொன்று, இந்த ஆப்பைத் தினமும் யாரும் திறக்கப்போவதில்லை. முகூர்த்தம் உள்ள வாரத்தில்தான் திறப்பார்கள். தினசரி எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பிளே ஸ்டோர் பக்கத்துக்கு வருகிறேன். கேள்வியோடு நீங்கள் அனுப்பிய ஸ்டோர் பக்கப் படத்தில் ஆப்பின் பெயர் ஆங்கிலத்தில் ஸ்டைலாக இருக்கிறது, ஆனால் எதற்கான ஆப் என்று அதிலிருந்து தெரியவில்லை. பெயருக்கு 30 குறி, சுருக்கக் குறிப்புக்கு 80, விரிவான விளக்கத்துக்கு 4000 என்பது அளவு. தமிழில் எழுதும்போது உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் 30 சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படிப் பார்த்தாலும் 'வாடகைக் கடை கணக்கு' தாராளமாக அடங்கும். பக்கத்தில் உங்கள் ஸ்டைல் பெயரைச் சுருக்கி வைக்கவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். 'நம்பர் 1', 'இலவசம்' என்றெல்லாம் பெயரில் சேர்க்காதீர்கள், விதி அனுமதிக்காது. தமிழுக்கென்று தனி ஸ்டோர் பக்கம் வைக்கக் கன்சோலில் வழி இருக்கிறது, வையுங்கள். ஆங்கிலப் பக்கத்தின் விளக்கத்திலும் இந்தத் தொழிலின் சொற்கள் வரட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நம்மிடம் ஏராளம். என்ன தட்டுவார்கள் என்று வீட்டிலிருந்து யோசிக்க வேண்டாம். நான்கு கடைக்காரர்களிடம் ஃபோனைக் கொடுத்து, "இந்த மாதிரி ஆப் வேணும்னா எப்படித் தேடுவீக?" என்று கேட்டு, தட்டுவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கத்தில் அதே சொல்லை இருபது தடவை திணிக்கவும் வேண்டாம், அதையும் கூகுள் விதிமீறலாகத்தான் பார்க்கும்.

ஸ்கிரீன்ஷாட்டில் முதல் படம் வட்டமும் பட்டையுமாக ஒரு வரைபடம். எடுத்துவிடுங்கள். "முக்கூடல் கல்யாண வீடு: போனது 300 சேர், வந்தது 288, பாக்கி 12" என்று தெரியும் பக்கம் முதலில் வரட்டும். பார்க்கிறவருக்கு அந்த 12 போதும். எந்தப் படம் எடுபடுகிறது என்று கன்சோலிலேயே சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் ஆள் வரத்துக் கூடிய பிறகுதான் அந்தச் சோதனைக்கு அர்த்தம்.

ரிவ்யூ. காசுக்குப் போடும் 300 ரிவ்யூவில் மாட்டினால் அவை அழிக்கப்படுவதோடு நிற்காது, ஆப்பும் போகலாம், கணக்கும் போகலாம். மாட்டாமலே போனாலும் என்ன லாபம்? அம்பாசமுத்திரத்துக் கடைக்காரர் அந்த 300-ஐப் படித்தா முடிவெடுக்கப்போகிறார்? பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார். உண்மையான ரிவ்யூ வாங்க, ஆப்புக்குள்ளேயே கேட்கும் வசதியைக் கூகுள் தந்திருக்கிறது. அதைக் காட்டும் நேரம் முக்கியம். போன சாமான் அத்தனையும் திரும்பிவந்து கணக்கு நேரான அந்த நிமிஷத்தில் கேளுங்கள். அதற்கு முன், 'ஆப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் காட்டும் தந்திரம் வேண்டாம், கூகுள் அதைக் கூடாது என்கிறது. எத்தனை தடவை காட்டலாம் என்பதற்கும் ஒரு வரம்பு இருப்பதால் சில சமயம் அந்தப் பெட்டி வராது. ஆகவே அதை ஒரு பட்டனோடு கட்டி வைக்காதீர்கள். குறை சொல்லி யாராவது எழுதினால் கட்டாயம் பதில் போடுங்கள். 350 குறிக்குள் போட வேண்டும், மன்னிப்புக் கேட்டுப் பாட்டுப் பாடாமல், எது சரியானது என்று சொன்னால் போதும். சராசரி நட்சத்திரத்தைக் கணக்கிடும்போது புது மதிப்பீடுகளுக்குத்தான் எடை அதிகம் என்பதால், இன்று ஒரு நட்சத்திரம் விழுந்தாலும் ஒன்றும் முழுகிப்போகாது.

மார்க்கெட்டிங் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒன்று. அடிக்கடி நின்றுபோகும் ஆப்பைப் பிளே ஸ்டோர் பின்னுக்குத் தள்ளும். பயனர் கண்ணில் படும் கிராஷ் தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கும், உறைந்து நிற்பது 0.47 சதவீதத்துக்கும் மேலே போகக் கூடாது என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் ஆப்பைத் தகரக் கொட்டகை குடோனுக்குள், சிக்னல் இல்லாமல், மெமரி நிரம்பிய பழைய ஃபோனில் திறந்து பாருங்கள். நெட் இல்லாவிட்டாலும் பதிவாகி, பிறகு சேர்ந்துகொள்ள வேண்டும். 'நாளை காலை 5 மணிக்கு முக்கூடலில் சேர் இறக்க வேண்டும்' என்ற நினைவூட்டல் இந்த ஆப்பில் நல்ல சரக்கு. ஆனால் ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்புக்கு அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடியும். திறந்தவுடன் கேட்டால் பையன் 'வேண்டாம்' என்று தட்டிவிடுவான். முதல் ஆர்டருக்குத் தேதி போட்டதும் கேளுங்கள்.

புதிதாக ஆப் செய்யும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். எல்லாரும் நண்பர்களின் மெயில் ஐடியை வாங்கிப் போட்டு 12-ஐ நிரப்பிவிடுகிறார்கள். கேள்வி கேட்ட இந்தத் தங்கச்சியும் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேராவது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களாக அமைந்தால், வெளியிடும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்பலாமா என்று யோசிப்பீர்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஏற்றிக் கொடுக்கப் போகும்போதே, "எதாவது சிக்கல்னா கூப்பிடுங்க அண்ணாச்சி" என்று எண்ணைச் சேமிக்க வைத்துவிட்டு வாருங்கள். தெரியாதவர்களை இழுத்து ஒரு குரூப்பில் போடுவது மட்டும் வேண்டாம். திரும்பி வந்த சேரை எண்ணிப் பதிவதை நம் ஊர்ப் பேச்சிலேயே விளக்கி ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்திருங்கள், ரீல்ஸுக்கு அல்ல, ஒரு கடைக்காரர் இன்னொருவருக்கு அனுப்புவதற்கு.

கடைக்காரர் வாய்விட்டுக் கேட்காத சந்தேகம் ஒன்று உண்டு: கணக்கு வெளியே போய்விடுமோ? அடுத்த கடைக்குத் தெரியுமோ, வரிக்காரருக்குத் தெரியுமோ? எங்கே சேமிக்கிறீர்கள், யார் பார்க்க முடியும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிளே ஸ்டோரின் தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் நீங்கள் எழுதுவதும் இதோடு ஒத்திருக்க வேண்டும். மொத்தக் கணக்கையும் எக்ஸெலாக எடுத்துக்கொள்ள ஒரு பட்டன் வையுங்கள். போகவும் வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே வரத் துணிவார்.

விலை பற்றி நீங்கள் கேட்கவில்லை. இலவசமாகவே விட்டுவிட்டு நடுவில் விளம்பரம் காட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். லாரி நிற்கும்போது லூடோ விளம்பரம் வந்தால் அன்றைக்கே ஆப்பை எடுத்துவிடுவார். முதல் பத்துக் கடைக்கு ஒரு முகூர்த்த சீசன் முழுக்க இலவசம், அப்புறம் வருஷச் சந்தா. காணாமல் போகும் ஓர் அண்டாவின் விலையை விட அது குறைவாக இருந்தால் பேரமே வராது. சந்தாவில் 15 சதவீதம் பிளே ஸ்டோருக்குப் போகும், அதைக் கணக்கில் வைத்து விலை போடுங்கள்.

கடைசியாக ஐபோன். பிளே ஸ்டோரில் 25 டாலர் ஒரே தடவை கட்டினீர்கள். ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், அதற்கு மேல் இன்னொரு ஆப்பைப் பராமரிக்கும் வேலை. ஆண்ட்ராய்டில் சந்தா கட்டும் கடைகளின் பணத்திலிருந்து அந்த 99 வரும்போது யோசிக்கலாம். அதுவரை எந்த அண்ணாச்சியாவது ஐபோன் வைத்திருந்தால், கடைப் பையனின் ஃபோனில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எப்படியும் அவன்தான் தட்டப்போகிறான்.